சாட்டுப் போட்ட ஊரில் ஒரு தலைக்கட்டு

1

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கிற என் அருமைச் சகோதரிகளுக்கு,

நாளையோடு நாங்கள் இந்த ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது. முந்தின இரண்டு வருடங்களும் இதே நாளில் உங்களுக்கு எழுதினேன். மழை பெய்ததா, காய்ச்சல் வந்ததா, எத்தனை பெண்கள் படிக்க வந்தார்கள் என்று அடக்கமாக எழுதினேன். இந்த முறை அடக்கம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். பேனா எனக்கு முன்னால் ஓடுகிறது.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் சேர்த்துக் கொடுத்த பிடியரிசிப் பணத்தில் வந்த மிஷனரிகள் நாங்கள். மூன்று வருடத்தில் இந்த ஊரில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அதனால்தான் உங்கள் சங்கம் இரண்டு கனவான்களைச் சேலத்துக்கு அனுப்பி வைத்தது. எங்களை இங்கேயே வைத்திருப்பதா, மூட்டை கட்டித் திரும்பச் சொல்வதா என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. எனக்கோ இந்த இடத்தை விட்டுப் போக மனமே இல்லை. என் கணவர் அறிக்கையில் இந்த விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டார். அந்த இரண்டு வரிக்குள் நான் ஓடிய ஓட்டம் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

2

எருமப்பட்டியிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிலும் செம்மண் காடு. நிலக்கடலை, கம்பு, சோளம். பழனியம்மாள் என்கிற விவசாயப் பெண்ணின் சாளையில் பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். சாளை என்றால் காட்டுக்குள்ளேயே கட்டிய வீடு. மறுபாதியில் அவளும் புருஷனும் ஐந்து வயது மகள் பாப்பாத்தியும் இருக்கிறார்கள். பழனியம்மாளுக்கு முப்பது வயதிருக்கும். நான் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்பாள். கேட்டுவிட்டுத் தனக்குச் சரியென்று பட்டதைத்தான் செய்வாள்.

வந்த புதிதில் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம். காலையில் போனால் வீட்டில் ஆளில்லை, எல்லாரும் காட்டில். மாலையில் போனால் சோறு ஆக்குகிற நேரம். ஆனால் ஒரு வீட்டிலும் முகம் சுளிக்கவில்லை. "வாங்க, வாங்க, ஒக்காருங்க, தண்ணி குடிங்க" என்று உபசரித்து, மோர் கொடுத்து, நாங்கள் சொல்வதை முழுவதும் கேட்டு, "நல்லா சொன்னீங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். மறுத்துப் பேசினாலாவது பதில் சொல்லலாம். மோர் கொடுப்பவர்களிடம் என்னத்தைச் சண்டை பிடிப்பது?

பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. விதைக்கு நிலக்கடலை உடைக்கிற காலத்தில் பெண்கள் பழனியம்மாள் வாசலில் கூடுவார்கள். கை வேலையில் இருக்கும். கண்ணும் காதும் சும்மா இருக்கும். சாளைச் சுவரில் கரித்துண்டால் பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன். அவர்கள் கடலையை உடைத்தபடியே அண்ணாந்து பார்த்துப் படித்தார்கள். இடையிடையே கதை சொன்னேன். சொத்தைப் பிரித்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வந்த மகனை அப்பன் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னபோது உடைப்பது நின்றுவிட்டது.

"எல்லாஞ் சரிங்க. அந்தப் பையனோட ஆத்தா எங்கீங்க போனா?" என்று கேட்டாள் பழனியம்மாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. என் கணவர் இவரிடம் கேட்டேன். இவருக்கும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

எங்கள் ரஞ்சிதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எட்டு வயதாகிறது. தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி எங்கள் ஒடியலை ஒவ்வொரு துண்டாக முகர்ந்து பார்த்து, இது மருந்தா, விறகா, எந்த வரியில் சேர்ப்பது என்று தெரியாமல் மேலதிகாரியைக் கூப்பிட்டாரே, அப்போது "அது பனங்கிழங்கு, ஐயா, தின்னுறது" என்று சொல்லி எங்களைக் காப்பாற்றிய பிள்ளை இவள். இப்போது ஒடியல் கூழ் வைத்தால் மூக்கைப் பிடிக்கிறாள். நான் யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசினால் சிரிக்கிறாள். போன வாரம் ஒரு பெண் வாசலுக்கு வந்தபோது நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ரஞ்சி என்னை உள்ளே இழுத்துக் காதில் சொன்னாள்: "ஏம்மா, அவங்கள வாங்கன்னு கூப்புட்டியா? கூப்புடாட்டி கோவிச்சுக்குவாங்க." பெற்ற பிள்ளையிடம் மரியாதை படித்தேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சித்திரையில் ஒரு காலை, இவர் எருமப்பட்டிச் சந்தைக்குப் போயிருந்தார். ஊர்க் கோயில் காரியங்களைக் கூட்டி நடத்துகிற கொத்துக்காரர், பெரிய மீசை வைத்தவர், நாலைந்து பேரோடு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, கூழு ஊத்தறமுங்க. ஊட்டுக்கு ஒரு வள்ளம் கம்புங்க."

கூழ் ஊற்றுகிறார்கள் என்றதும் எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. வெயில் காலம், வேலையில்லாத கூலிக்காரர்கள் எத்தனையோ பேர் பசியோடு இருக்கிறார்கள். ஏழைகளுக்குத்தானே என்று, கேட்ட ஒரு வள்ளத்துக்கு இரண்டு வள்ளமாக அளந்து போட்டேன். கொத்துக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கும்பிட்டார். அந்தக் கும்பிடு கொஞ்சம் அதிகமாக இருந்தது. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும்!

அது மாரியம்மன் நோம்பிக்கான கூழ். நோம்பி என்றால் இங்கே பண்டிகை. இந்த ஊரில் குடும்பத்துக்குத் தலைக்கட்டு என்று பெயர். தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கொடுத்த வீடு ஊரில் ஒரு தலைக்கட்டு. முந்தின வருடங்களில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை, விருந்தாளியிடம் வரி வாங்கலாமா என்று விட்டுவிட்டார்களாம். இந்த வருடம் கேட்டுத்தான் பார்ப்போமே என்று வந்திருக்கிறார்கள். நான் இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டேன்.

இவர் சந்தையிலிருந்து வந்து கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீர் என்ன செய்தனீர் எண்டு தெரியுமோ? மிஷன் காசிலை மாரியம்மனுக்கு வரி கட்டியிருக்கிறீர்!"

"இஞ்சாருங்கோ, கூழ் எண்டாங்கள், குடுத்தனான். ஆருக்குக் கூழ் எண்டு நான் கேக்கேல்லை."

அன்று மாலையே தப்படித்துச் சாட்டுப் போட்டார்கள். நோம்பி தொடங்கிவிட்டது என்று ஊருக்கு அறிவிப்பதுதான் சாட்டு. கோயில் முன்னால் மூன்று கிளையுள்ள கம்பம் நட்டார்கள். பெண்கள் காலையில் குடம் குடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மாலையில் ஆண்கள் அதைச் சுற்றி ஆடினார்கள். அந்தத் தப்புச் சத்தம் கேட்டால் உட்கார முடியாது, கால் தானாகத் தாளம் போடும். மிஷனரியின் காலும் போட்டது. எழுதிவிட்டேன், போகட்டும்.

4

சாட்டுப் போட்டு இரண்டு நாளில் சேலத்திலிருந்து கார்டு வந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விசாரணை. இருவரும் வந்து தங்க வேண்டும். வெள்ளிக்கிழமை நாங்கள் பேச வேண்டும்.

வியாழன் விடியற்காலையில் துணி மூட்டையோடு வாசலில் இறங்கினோம். பழனியம்மாள் வழியில் நின்றாள்.

"எங்கீங்க, சாமி?"

"சேலத்துக்கு. நாளைக்கு வந்திருவம்."

"ராத்திரி அங்கயா படுப்பீங்க?"

"ஓம்."

"ஆகாதுங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சாட்டுப் போட்டாச்சுங்க. தலைக்கட்டுக்காரங்க பகல்ல எங்க வேணா போலாம். ராத்திரி ஊர்ல வந்து படுத்தரோணும். நோம்பி முடியற வரைக்கும் ஒருத்தரும் வெளியூர்ல படுக்கக் கூடாதுங்க."

இவர் வேதம் படித்தவர் பேசுகிற குரலில் பேசினார். நாங்கள் அம்மனை நம்புகிறவர்கள் அல்ல, இந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு இல்லை, இன்றைக்கு இதற்கு இணங்கினால் மூன்று வருடம் சொன்னதெல்லாம் வீண் என்றார். எனக்கும் அதே எண்ணந்தான் இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. ஒரு வள்ளம் கம்புக்காக என் தூக்கத்தைக் கட்டிப் போடுவார்களா?

பழனியம்மாள் இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே பேசினாள்.

"நீங்க வாரதுக்கு முந்துன வருசம் எங்கூட்டுக்காரரு சாட்டுப் போட்ட பொறவு திருச்சி போயித் தங்கிட்டாருங்க. அந்த நோம்பிக்குள்ள என்ற மூத்த புள்ளைக்கு அம்மை பாத்துருச்சு. எந்திரிக்கவே இல்ல. அதுனாலதானுன்னு நான் சொல்லலீங்க. ஊரு சொல்லுது. இன்னிக்கு வரைக்கும் அவரு மூஞ்சிய நேரா யாரும் பாக்கறதில்ல. நீங்க நம்ப வேண்டாங்க. எனக்காக ராத்திரி ஊர்ல வந்து படுங்க. உங்களையும் அப்புடி யாரும் பாத்தரக் கூடாது."

மூன்று வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறோம். மூத்த பிள்ளை ஒன்று இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இவள் என்னை ஊருக்கு வெளியே வைத்துப் பேசவில்லை!

"ரஞ்சியை வைச்சிருங்கோ. நாங்கள் இரவைக்குத் திரும்பி வந்து இஞ்சைதான் படுப்பம்" என்றேன்.

"விசாரணை நாளைக்கல்லோ?" என்றார் இவர்.

"இண்டைக்கே கேக்கச் சொல்லுவம்."

5

சேலத்தில் ஒரு பங்களாவில் அந்தக் கனவான்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாதிரியார், இன்னொருவர் கோர்ட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசியார். உங்களுக்கெல்லாம் தெரிந்தவர்கள்தான், பெயர் எழுதவில்லை. மேசையில் மாம்பழம் வெட்டி வைத்திருந்தது. நான் போன வேகத்தில் கும்பிடு போட்டேனா என்றுகூட நினைவில்லை.

"ஐயா, எங்களை இண்டைக்கே விசாரியுங்கோ. இருட்டுமுன்னம் நான் வீட்டை போக வேணும்."

"ஏன் பிள்ளை, மகளுக்குச் சுகமில்லையோ?" என்று பாதிரியார் பரிவோடு கேட்டார்.

ஆம் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. கம்பிலிருந்து சாட்டு வரை ஒன்று விடாமல் சொன்னேன். இவர் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியாரின் முகம் சிவந்தது.

"விக்கிரகத்துக்குக் காணிக்கை குடுத்திட்டு, அதின்ரை கட்டளைக்கும் கீழ்ப்படியப் போறீரோ? இதுக்கோ சனங்கள் அரிசி சேர்க்குதுகள்?"

பிறக்கிராசியார் சாட்சியை விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்: "நீர் அங்கை போய்ப் படுக்காட்டில் அம்மை வரும் எண்டு நம்புறீரோ?"

"இல்லை, ஐயா."

"பின்னை என்ன?"

"வந்தால் அந்த மனிசிக்கு என்ன நடக்கும் எண்டு தெரியும். எங்களுக்கு வீடு தந்தவள் அவள்தான். புருஷன்ரை பேர் ஏற்கெனவே கெட்டுப்போய்க் கிடக்கு. மூண்டு வருஷம் அவையளுக்கு அயலவரை நேசி எண்டு சொன்னனான். இண்டைக்கு இரவு எனக்கு மாம்பழமும் கட்டிலும் வேணும் எண்டு இஞ்சை படுத்தால், நாளைக்கு எந்த முகத்தோடை சுவரிலை எழுதுறது? நீங்கள் என்னைத் திருப்பி அனுப்புறதெண்டால் அனுப்புங்கோ. இண்டைக்கு மட்டும் விடுங்கோ."

சத்தமாகத்தான் பேசிவிட்டேன். சமையற்காரர் கதவண்டை வந்து எட்டிப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் பாதிரியார் சொன்னார்: "இஞ்சை இருந்து ஒண்டும் தீர்க்கேலாது. சனிக்கிழமை நாங்களே வந்து பாக்கிறம்."

நல்லதா கெட்டதா என்று தெரியாமலே பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

6

நாமக்கல் வழியாகத் துறையூர் போகிற பஸ் அது. ராசிபுரம் தாண்டியதும் எஞ்சின் கொதித்து ஆவி அடித்து நின்றது. டிரைவர் இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ஆறட்டும் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் சாய்ந்துகொண்டே இருந்தது. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"தம்பி, இருட்டுமுன்னம் போகலாமோ?"

"இருந்தாப் போவுதுங்கம்மா. அப்புடி என்னுங்க அவசரம்?"

"எங்கடை ஊரிலை சாட்டுப் போட்டிருக்கு."

பீடி கீழே விழுந்தது. "சாட்டுப் போட்ட ஊருங்களா? அதை முன்னாலயே சொல்றதில்லீங்களா!" என்று எழுந்தார். பஸ்ஸில் இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னார். என்ன ஆச்சரியம்! இதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தகரத்திலும் செம்பிலும் தண்ணீர் வந்தது. முதல் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் யார் தெரியுமா? எங்கள் வீட்டு வேத சாஸ்திரி. வேட்டி முழங்கால் வரை நனைந்து, மூச்சு வாங்கி, "தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்று வந்தார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவரை அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அந்த டிரைவர் ஓட்டியது ஓட்டம். எருமப்பட்டியில் எங்களை இறக்கிவிடாமல், "ரெண்டு மைலு இவங்க எப்ப நடந்து எப்பப் போறது?" என்று மற்றவர்களைக் கேட்டார். "உடுங்க போவலாம்" என்றார் ஒரு கிழவர். பஸ் வண்டித் தடத்தில் இறங்கிக் குலுங்கிக் குலுங்கி ஊர் எல்லை வரை வந்தது. எங்கள் ஊருக்குப் பஸ் வந்தது அதுதான் முதல் தடவை. விளக்கு வைக்கிற நேரம். கம்பத்தைச் சுற்றி ஆடியவர்கள் ஆட்டத்தை விட்டு ஓடி வந்தார்கள். பழனியம்மாள் ரஞ்சியை ஒரு கையிலும் பாப்பாத்தியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டீங்களா, சாமி" என்றாள். அவ்வளவுதான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நானும் துடைத்தேன்.

7

சனிக்கிழமை காலை வாடகைக் காரில் அந்தக் கனவான்கள் வந்து இறங்கினார்கள். வந்த வழியிலேயே கோயில். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வரிசையில் மஞ்சள் தண்ணீரில் நனைந்த பாவாடையோடு, இடுப்பில் சின்னக் குடத்தோடு, யார்? நான் போகாதே என்று மூன்று தரம் சொல்லியிருந்தேன்.

"நீ ஆர் வீட்டுப் பிள்ளை?" என்று பாதிரியார் கேட்டிருக்கிறார்.

"நானுங்களா? மிசின் ஊட்டுப் புள்ளைங்க" என்றாளாம் எங்கள் ரஞ்சி. குடத்தைக்கூட இறக்கவில்லையாம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூட்டை கட்டுவதை எங்கிருந்து தொடங்குவது என்றுகூட யோசித்தேன். அவர்கள் சாளைக்கு வந்தார்கள். பெண்கள் கடலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பிறக்கிராசியார் சுவரில் இருந்த வரியைக் காட்டி, படி என்றார். பழனியம்மாள் படித்தாள். அவர் தாமே கரியை எடுத்து, நான் எழுதாத புது வரி ஒன்றை எழுதினார். அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவர் கரியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ கிறிஸ்தவளாய் வருவியோ?" என்று பாதிரியார் நேராகவே கேட்டார்.

"தெரியலீங்க, சாமி" என்றாள் அவள். "இவங்க சொல்ற கதையெல்லாம் எனக்குப் புடிச்சிருக்குதுங்க. ஒண்ணு மட்டும் தெரியுமுங்க. அம்மை குத்தறவரு வந்தா புள்ளைய ஒளிச்சு வெச்சுருவேன், இத்தன வருசமா. இவங்க எனக்காகச் சேலத்துல இருந்து ஓடி வந்தாங்க. நோம்பி முடியட்டும், இவங்க சொல்றபடி பாப்பாத்தியக் கொண்டு போயிக் குத்திக்கறனுங்க."

அம்மை குத்திக்கொள்ளச் சொல்லி மூன்று வருடமாகக் கெஞ்சியிருக்கிறேன், சகோதரிகளே! இதைக் கேட்டதும் அங்கேயே கத்திவிடுவேன் போலிருந்தது. பாதிரியார் மோரைக் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். என்ன முடிவு என்று எங்களிடம் சொல்லாமலே போய்விட்டார்கள்.

நோம்பி முடிந்து கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டு, பாப்பாத்தியின் கையில் அம்மை குத்திய புண்ணும் காய்ந்தபிறகு, நேற்றுத்தான் உங்கள் சங்கத்திலிருந்து பதில் வந்தது. இன்னும் ஒரு வருடம் இருக்கலாம். அதன் பிறகு யோசிக்கப்படும். நான் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கொத்துக்காரரும் அங்கே இருந்தார், விதைக்கடலை வாங்க வந்திருந்தார்.

"இருக்கலாம் எண்டு எழுதியிருக்கினம்! ஒரு வருஷம்!"

அவர்கள் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை.

"ஒரு வருசந்தானுங்களா?" என்றாள் பழனியம்மாள். "பொறவு?"

"பிறகு அவையள் யோசிச்சுச் சொல்லுவினம்."

கொத்துக்காரர் மீசையைத் தடவினார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "யாருங்கம்மா அவங்க? இந்த ஊர்த் தலைக்கட்ட எந்திரிச்சுப் போன்னு சொல்றதுக்கு யாரைக் கேட்டுங்க எழுதுனாங்க?"

அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். அவர் தினமும் வந்து, பதில் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.